மூன்றாம் பக்கத்து ஆள்

சாத்தனேந்தல் ரயில்வே கேட் மூடிக் கிடந்த ஒரு புரட்டாசி மத்தியானத்தில், கேட்டுக்கு முன்னால் நின்றிருந்த மெயில் வேனின் பின்பக்கத்திலிருந்து கருப்பும் ஆரஞ்சுமாக, கருப்பும் நீலமுமாக ஒரு கூட்டம் இறங்கி, சட்டையை உதறிக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, இரண்டு குதிரைகளையும் கையில் பிடித்துக்கொண்டு, வரிசையாக ஊருக்குள் நடந்து வந்தது. ரோட்டோரம் காயப்போட்டிருந்த மிளகாய் வத்தலை ஒருத்தரும் மிதிக்காமல் ஒதுங்கி வந்ததால் வத்தல்காரி ஒன்றும் சொல்லவில்லை. டீக்கடை மூக்கையா மட்டும் பாய்லருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "யாரு வீட்டு ஆளுகப்பா இது?" என்று கேட்டார்.

"சீனியம்மா ஆளுகளாத்தான் இருக்கும். படக்கதைப் புஸ்தகத்துல வர்ற மூஞ்சியா தெரியுது" என்றார் பெஞ்சில் இருந்தவர். அப்படியா என்று கேட்டுக்கொண்டு எல்லோரும் மிச்ச டீயைக் குடித்தார்கள்.

சீனியம்மா பேரில்தான் சீனி, வாயைத் திறந்தால் பச்சை மிளகாய். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பழைய காமிக்ஸ் விற்கிற கடை அவளுடையது. அவளிடம் வாங்குகிறவர்கள் சின்னப் பிள்ளைகள் இல்லை, நரைத்த ஆம்பளைகள். பேங்க் மேனேஜர், பல் டாக்டர், பஞ்சு வியாபாரி என்று ஊருக்கு ஊர் இருந்துகொண்டு, அந்தக் காலத்தில் கருப்பு மையோடு ஒரே ஒரு கலர் மட்டும் சேர்த்து அச்சடித்த புத்தகங்களை, பிள்ளை பெற்றவள் தொட்டில் பார்க்கிற கவலையோடு கேட்டு வாங்குவார்கள். முனை மடங்கக் கூடாது, அட்டை உரசக் கூடாது, பின் துருப்பிடித்திருக்கக் கூடாது. தபால் செலவு மட்டும் கொஞ்சமாகத்தான் ஆக வேண்டும்.

அச்சடித்த புத்தகத்துக்குத் தபாலில் ஒரு சலுகைக் கட்டணம் உண்டு. சலுகை சும்மா கிடைத்துவிடுமா? கட்டின் இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும், ஆபீசில் யார் வேண்டுமானாலும் உள்ளே இருப்பதை உருவிப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருக முடிய வேண்டும், புத்தகத்தோடு கடிதமோ துண்டுச் சீட்டோ சொந்தச் செய்தி ஒரு வரியோ போகக் கூடாது. மீறினால் முழுக் கட்டணம். வாங்குகிறவன் முனை மடங்கினால் கத்துவான், தபாலாபீஸ் முனையை மூடினால் கத்தும், நடுவில் கிடந்து சாகிறவள் சீனியம்மா. அட்டையை மடித்து முனையில் வைத்து, வெளியே தெரியாத மாதிரி டேப் ஒட்டிக் கொண்டுபோவாள். போஸ்ட்மாஸ்டர் ஜெபமணி சார் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, டேப்பைக் கண்டுபிடித்து, "வெட்டும்மா" என்பார். வருஷக்கணக்காக இதே கூத்து.

அந்தப் புரட்டாசி நாள் காலையிலும் அதுதான் நடந்தது. அன்றைக்கு அவளுக்கு என்ன வந்ததோ, கத்திரியை வாங்கி எல்லாக் கட்டிலும் இரண்டு முனையையும் வாய் பிளக்கிற மாதிரி அகல வெட்டி, "இந்தாங்க சார், உங்க தலையே உள்ள போய்ட்டு வரலாம், திருப்தியா?" என்று மேசையில் போட்டுவிட்டு வந்தாள். தலை உள்ளே போகிற வழியில் தலை வெளியேயும் வரும் என்று அவளும் நினைக்கவில்லை, அவரும் நினைக்கவில்லை.

இப்படித்தான் அவர்கள் வந்தார்கள். கடையில் எத்தனை தடவை புரட்டினாலும் புத்தகத்திலிருந்து ஒருத்தரும் இறங்கியதில்லை. முனை அகலத் திறந்த கட்டுக்குள் கிடந்து, தபால் பை நகர ஆரம்பித்தால்தான் அவர்களுக்கு வழி தெரிந்தது. அவர்கள் பேசினால் சத்தம் வராது. தலைக்கு மேலே வெள்ளையாக ஒரு குமிழ் கிளம்பி அதில் எழுத்து வரும், நாம் படித்து முடித்ததும் காய்ந்த சுண்ணாம்புப் பொருக்கு மாதிரி கீழே உதிரும். முதல் வாரம் தெருப் பெருக்குகிறவர்கள் முணுமுணுத்தார்கள். அப்புறம் அதுவும் வாசல் குப்பையோடு குப்பையாகிவிட்டது.

அவர்கள் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை என்று ஊருக்குத் தெரிய எவ்வளவு நேரம் ஆகும்? அன்றைக்குச் சாயங்காலமே தெரிந்துவிட்டது. சாப்பாடு வேண்டாம் என்றால் கூலியும் வேண்டாம் என்று ஊர் தானாகவே கணக்குப் போட்டுக்கொண்டது, ஒருத்தரையும் கேட்கவில்லை. வர்த்தகர் சங்கத் தலைவர் சபாபதி அண்ணாச்சியின் ரைஸ்மில்லில் கொள்ளைக்காரர்கள் மூட்டை தூக்கினார்கள். நீலக் கையுறை போட்ட துப்பறியும் பெண்ணைக் காணாமல் போன ஆடு தேட விட்டார்கள், ஆடு கிடைத்த பிறகு தீப்பெட்டி ஒட்ட உட்காரவைத்தார்கள். ஒருத்தன் மூக்கையா கடையில் கிளாஸ் கழுவினான். குதிரைகள் கல்யாண ஊர்வலத்துக்குப் போயின. அட்டைப்படத்தில் துப்பாக்கியோடு நிற்கிற ஷெரிப்பைக் கல்யாண மண்டபத்து வாசலில் காவலுக்கு நிறுத்தினார்கள்; வருகிறவன் போகிறவனெல்லாம் சலாம் வைத்ததில் அவருக்குப் பரம திருப்தி. "அடேயப்பா, நம்ம ஊருக்கு வந்த யோகத்தைப் பாரு" என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். வெட்கங்கெட்ட ஊர். அதற்கு வேறு பேர் கிடையாது.

ஒரே ஒருத்தன் மட்டும் யார் கூப்பிட்டும் போகாமல் சீனியம்மா கடை வாசலில் வந்து நின்றான். ஒடிசலான ஆள், ஒரு பக்கம் கிழிந்த தொப்பி, முகத்தில் படம் வரைந்தவன் அவசரமாகப் போட்ட நாலு கோடு. அவனை அவளுக்குத் தெரிந்தது. 'எட்டாம் சுரங்கம்' புத்தகத்தில் வருகிறவன், மூன்றாம் பக்கத்தில் ஷெரிப் வந்ததும் முதல் குண்டை வாங்கிக்கொண்டு விழுகிறவன். கதையில் அவனுக்குப் பேர்கூட இல்லை.

"என்னப்பா வேணும்?"

அவன் தலைக்கு மேலே குமிழ் வந்தது. 'அம்மணி! என்னைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்!' அந்தப் புத்தகங்களில் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள்.

"யாரு அனுப்பப் போறா? உள்ள வந்து உக்காரு."

'அந்தப் பக்கத்தை யார் திறந்தாலும் என்னைச் சுடுகிறார்கள், அம்மணி!'

"அது படம்தானேப்பா. வலிக்கவா செய்யும்?"

'ஒவ்வொரு முறையும் புதிதாக வலிக்கிறது!' என்று எழுத்து வந்தது. குமிழ் உதிர்ந்து அவள் மடியில் விழுந்தது.

சீனியம்மா அந்தப் புத்தகத்தைத் தானே எத்தனை தடவை திறந்திருப்பாள், வாங்க வந்தவனுக்குப் பக்கம் பக்கமாகக் காட்டி, "ஒரு கறை கிடையாது பாருங்க" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள். யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் விளக்குமாற்றை எடுத்துக் கடையை இரண்டு தடவை பெருக்கினாள்.

அவன் கடையில் வேலை பார்த்தான். தூசி தட்டினான், கிழிந்த அட்டைக்குப் பசை தடவினான். சனிக்கிழமை சாயங்காலம் அவள் அவன் கையில் கூலியை வைத்தாள். வேலை செய்தால் கூலி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அவன் அதை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு, நேராகப் பஜாருக்குப் போய் ஒரு குடை வாங்கிவந்தான்.

வினை அந்தக் குடையில்தான் ஆரம்பித்தது. ஐப்பசி பிறந்து மழை இறங்கியிருந்தது. அச்சு மை ஆட்கள், ஈரம் பட்டால் கோடு கரையும். ரைஸ்மில்லில் லாரியிலிருந்து மூட்டை இறக்கிய ஒரு கொள்ளைக்காரனுக்கு மழையில் வலது கை தோள் வரைக்கும் கரைந்து வாய்க்காலோடு போய்விட்டது. சபாபதி அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு, "இன்னொரு கை இருக்குல்ல, சின்ன மூட்டையாப் பாத்துக் குடுங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். சீனியம்மா கடை ஆள் மட்டும் குடை பிடித்துக்கொண்டு தெருவில் போவதை மற்றவர்கள் பார்த்தார்கள். குடை எப்படி வந்தது என்று கேட்டார்கள். மறுநாள் மில் வாசலில் ஒற்றைக் கைக்காரனை முன்னால் நிறுத்திக்கொண்டு எல்லோரும் நின்றார்கள், தலைக்கு மேலே ஒரே வாசகத்தோடு குமிழ்கள் வரிசையாக மிதந்தன: 'எங்களுக்கும் கூலி! எங்களுக்கும் குடை!'

ஊர் கொதித்துப் போய்விட்டது. ஆட்கள் ரயில்வே கேட்டில் இறங்கி நடந்து வந்ததற்கு ஆச்சரியப்படாத ஊர், கை கரைந்து போனதற்கு ஆச்சரியப்படாத ஊர், கூலி கேட்டதும் வாயைப் பிளந்தது. "என்ன தைரியம்!" என்றது. "வரைஞ்ச பொம்மைக்கு வாயப் பாரு!" என்றது. மூக்கையாகூட, "தாயி, நீ ஒருத்தி குடுத்துக் குடுத்து எல்லாத்தையும் கெடுத்துட்ட" என்று சீனியம்மாவிடமே வந்து சொன்னார்.

"ஏன், உங்க கடையில கிளாஸ் கழுவுறவனுக்கும் குடுத்தாத்தான் என்ன? கை தேஞ்சா போயிரும்?"

"அவன் மனுசனா?"

"நீங்க மனுசனா? அதச் சொல்லுங்க முதல்ல!"

அன்றையிலிருந்து அவளுக்கு அந்தக் கடையில் டீ இல்லை.

சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். கூலி கொடுப்பதா, ஆட்களைத் திருப்பி அனுப்புவதா? கூலி என்ற பேச்சே எழவில்லை. ஆளை எப்படித் திருப்பி அனுப்புவது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. புத்தகத்தில் ஆள் இருந்த இடம் வெள்ளையாக, அவன் உருவத்திலேயே காலியாக இருக்கும். அந்தப் பக்கத்தைத் திறந்து அவன் முன்னால் காட்டினால் அந்தக் காலி இடம் அவனை இழுத்துக்கொள்ளும், தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுகிற மாதிரி. ஒரு தடவை துப்பறியும் பெண் தன் பக்கத்தை ஆசையாக எட்டிப் பார்க்கப் போய் இடுப்பு வரைக்கும் உள்ளே போய்விட்டாள், பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்து இழுத்ததால் தப்பினாள்.

காலியான புத்தகங்கள் எல்லாம் சீனியம்மா கடைப் பெட்டியில்தான் இருந்தன. வாங்கியவர்கள் ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். 'எட்டாம் சுரங்க'த்தை வாங்கிய கோயம்புத்தூர் பல் டாக்டர் கிருபாகரன் தினமும் போன் போட்டார். "மலை இருக்கு, சுரங்கம் இருக்கு, ஆள் ஒருத்தரும் இல்லையேம்மா! முழுசா இருக்குன்னு சொல்லித்தானே வித்தீங்க? ஆட்களோட திருப்பி அனுப்புங்க, அதுவும் முனை மடங்காம!"

"ஆளென்ன புளியா டாக்டர், நிறுத்து அனுப்ப?" என்று அவள் போனை வைத்துவிடுவாள்.

மறுநாள் மத்தியானம் சங்கத்து ஆட்கள் கடைக்கு வந்தார்கள். சீனியம்மா பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். இரண்டு பேர் அவளை அப்படியே தூக்கி ஓரமாக இறக்கிவிட்டார்கள். அவள் கடித்தாள், திட்டினாள், தாலி கட்டியவன் செத்ததற்குக்கூட அப்படிக் கத்தியதில்லை. வெளியே மில் லாரியில் மற்றவர்களை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். சபாபதி அண்ணாச்சி ஒவ்வொரு புத்தகமாகத் திறந்து நீட்ட, ஒவ்வொருத்தராக உள்ளே போனார்கள், ஒற்றைக் கையோடு ஒருத்தன், தீப்பெட்டிப் பசை ஒட்டிய கையுறையோடு அந்தப் பெண். ஷெரிப்பை யாரும் இழுக்கவே வேண்டியதில்லை, அவரே அட்டைப்படத்துக்குள் கால் வைத்து, மார்பை நிமிர்த்தி நின்றுகொண்டார். அவருக்கென்ன, கதையே அவருடையது.

கடைசியாக மூன்றாம் பக்கத்தைத் திறந்தார்கள். அலமாரிக்குப் பின்னால் நின்ற ஆளைப் பார்த்து சீனியம்மா, "பாக்காதப்பா, கண்ண மூடிக்கோ!" என்று அலறினாள். அவனுக்கு வரைந்த கண் திறந்த கண், மூடத் தெரியாது. குடை தரையில் விழுந்தது. புத்தகத்தைப் பட்டென்று மூடி, அண்ணாச்சி மூச்சு விட்டார்.

"நல்லா மூடிட்டேன் தாயி. முழுக் கட்டணமும் சங்கம் கட்டிடும், நாலா பக்கமும் டேப் ஒட்டி, அரக்கு வச்சு, பத்திரமா அனுப்பிடுறோம். உனக்கும் நல்ல பேரு."

ஒரு குடை வாங்கக் காசில்லாத சங்கம்! கரைந்துபோன கைக்கு ஒரு வார்த்தை வருத்தம் இல்லாத சங்கம்! அதே ஆட்களை உள்ளே போட்டுப் பூட்டுவதற்கு முழுக் கட்டணம், அரக்கு, டேப். அங்கேயே கட்டி முடித்து அவர்கள் லாரியில் கிளம்பியதும் சீனியம்மா கடையை மூடக்கூட இல்லை. செருப்பில்லாமல் தபாலாபீசுக்கு ஓடினாள். டாக்டர் அந்தக் கட்டைப் பிரித்து மூன்றாம் பக்கத்தைத் திறக்கிற நிமிஷம் அவன் மறுபடியும் சாவான், டாக்டர் அதை நண்பர்களுக்குக் காட்டக் காட்ட மறுபடி மறுபடி சாவான். அதற்கு முன்னால் ஏதாவது செய்தாக வேண்டும்.

கவுண்டரில் கட்டுகள் அடுக்கியிருந்தன, மேலே கொட்டை எழுத்தில் அனுப்புநர் பேர்: சீனியம்மாள், பழைய புத்தகக் கடை, சாத்தனேந்தல். டாக்டர் ஏதாவது கேஸ் போட்டால் சங்கத்தின் தலையில் விழக் கூடாது, அவள் தலையில் விழட்டும் என்று அண்ணாச்சி யோசித்து எழுதியது. அவள் வாசலிலேயே அதைப் படித்துவிட்டாள்.

"சார், அந்தக் கட்டெல்லாம் என் பேர்ல போகுதா?"

"உன் பேர்லதாம்மா. என்ன திடீர்னு முழுக் கட்டணம்?" என்றார் ஜெபமணி சார்.

"எனக்கு வேண்டாம். புத்தகக் கட்டணத்துலயே அனுப்புங்க."

பக்கத்தில் நின்ற அண்ணாச்சி துள்ளிக் குதித்தார். "பணம் கட்டுனது நானு!"

"யாரு கட்டுனா என்ன?" ஜெபமணி சார் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். "பை கட்டுறதுக்கு முன்னால அனுப்புநர் என்ன சொல்றாரோ அதான். உங்க பேரப் போட்டிருந்தா உங்களக் கேட்டிருப்பேன்."

"சார், முனையத் திறந்தா அத்தனையும் இறங்கி ஓடிரும்!"

"உள்ள இருக்கிறது அச்சடிச்ச புத்தகம்தானே?"

"ஆமா, ஆனா…"

"அப்ப முனை திறந்துதான் இருக்கணும்."

சீனியம்மா கத்திரியை எடுத்து அரக்கை உடைத்தாள், டேப்பைக் கிழித்தாள், ஒவ்வொரு கட்டிலும் இரண்டு முனையையும் அகல வெட்டினாள். புத்தகங்களைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோனால் நாளைக்கே மறுபடி வந்து பிடுங்குவார்கள். அவர்களை இந்த ஊரிலேயே இறக்கிவிட்டால் மறுபடி மூட்டை, மறுபடி மழை. இங்கே வேண்டாம், எங்காவது போகட்டும். எழுதி வைக்க முடியாது, உள்ளே ஒரு வரி இருந்தாலும் முழுக் கட்டணம். பேசக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. அவள் 'எட்டாம் சுரங்கம்' இருந்த கட்டை வாயருகே பிடித்துக்கொண்டு, ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"கேட்ல வண்டி நிக்கும், இறங்கிராத. இந்த மாவட்டமே வேண்டாம். ராத்திரி முழுக்க ரயில் போகும், எங்கயாவது மழை இல்லாத ஊரா, கூலி குடுக்கிற ஊராப் பாத்து இறங்கிக்கோ. இந்தக் கட்டு மெதுவாத்தான் போகும், அவசரப்படாத. எல்லாத்துக்கிட்டயும் சொல்லு."

திறந்த முனையிலிருந்து ஒரு சின்னக் குமிழ் எட்டிப் பார்த்தது. 'அப்படியே ஆகட்டும், அம்மணி!'

"சார்! சொந்தச் செய்தி! எழுத்துல இருக்கு பாருங்க!" என்று அண்ணாச்சி கை நீட்டிக் கத்தினார்.

ஜெபமணி சார் பார்த்தார். குமிழ் உதிர்ந்து மேசையில் விழுகிற வரைக்கும் பொறுமையாகப் பார்த்தார், உதிர்ந்ததைக் கையால் வழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். "உள்ள இருந்தாத்தான் குத்தம்" என்று சொல்லிவிட்டு, கட்டுகளில் டப் டப்பென்று முத்திரை குத்தினார்.

கேட்டில் அன்றைக்கு வேன் நின்றது, ஒருத்தரும் இறங்கவில்லை. ரைஸ்மில்லுக்குச் சம்பளத்துக்கு ஆள் எடுக்க வேண்டியதாயிற்று. அண்ணாச்சி சீனியம்மாவைப் பார்த்தால் காறித் துப்பிவிட்டு ரோட்டின் அந்தப் பக்கம் போனார். ஒரு நாள் அவருடைய மேனேஜர் வந்து, நல்ல உடம்பு உள்ள ஆட்கள் வருகிற புத்தகமாக ஒன்று கிடைக்குமா, முனையை அகலமாக வெட்டி அனுப்ப முடியுமா என்று நைசாகக் கேட்டான். அவன் செருப்பு ஒன்று கடைக்குள்ளேயே கிடந்துவிட்டது, திரும்பி எடுக்க வரவில்லை.

அதற்கு அப்புறம்தான் கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது. டாக்டர் கிருபாகரனின் குரல் நடுங்கியது, கோபத்தில்தான்.

"என்னம்மா அனுப்பியிருக்கீங்க? முனையெல்லாம் நசுங்கிப் போச்சு. சரி, அதக்கூட விடுறேன். ஷெரிப் ஒருத்தர்தான் இருக்காரு, வேற ஆளே இல்ல! மூணாம் பக்கத்தத் திறந்தா துப்பாக்கிய நீட்டிக்கிட்டு நிக்கிறாரு, குண்டு பாயுது, எதிர்ல வெறும் வெள்ளையா, ஒரு ஆள் நிக்கிற அளவுக்கு எடம். யாரைச் சுடுறாருன்னே தெரியல. இத நான் யாருகிட்டம்மா காட்டுவேன்? எனக்கு முழுப் புத்தகம் வேணும்! அங்க ஒரு ஆள் இருந்தே ஆகணும்!"

சீனியம்மாவுக்கு இறங்கிவிட்டான் என்று முதலில் புரிந்தது, நெஞ்சு நிறைந்தது. அது நிறைந்த வேகத்திலேயே கோபமும் வந்தது.

"இருந்தே ஆகணும்னா, எடம் காலியாத்தானே இருக்கு டாக்டர்?" என்றாள். "நீங்க போய் நில்லுங்க."